கிணறு வரை ஐந்து குழிகள்

எங்கள் ஊரில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டுச் சம்பள வேலைக்குப் போனவர் ராஜாக்கண்ணு மாமா. எழுபத்தொன்றில் ஜமுனாமரத்தூர் சாலை வளைவில், எங்கள் வீடுகளுக்கு மேலே, மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த முதலாளி ஒருவர் டீசல் பங்க் வைத்தார். மண்ணுக்குள் ஒரு இரும்புத் தொட்டி, மேலே கையால் சுற்றும் ஒரு பம்பு, அவ்வளவுதான். மரம் ஏற்றும் லாரிகளும் புளி ஏற்றும் லாரிகளும் அங்கே நிற்கும். மாமா கைப்பிடியைச் சுற்றுவார். நாங்கள் சாமைக் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்ப்போம். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

தினமும் காலையில் தொட்டிக்குள் ஒரு கம்பியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து முதலாளிக்குச் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. எழுபத்தேழாம் வருஷத்து மழைக்குப் பிறகு, சாயங்காலம் பூட்டும்போது இருந்த அளவு காலையில் இல்லை. மாமாவே போய்ச் சொன்னார்.

"தொட்டி எங்கியோ ஒழுவுதுங்க."

"ஒழுவுறது தொட்டியா, உன் கையா?" என்றாராம் முதலாளி.

ஊர்க்கவுண்டர் முன்னால் கூட்டம் போட்டார்கள். மாமா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை; எனக்கு அப்போது இருபது வயது, ஊர் சொன்னதுதான் வேதம். வேலை போயிற்று, டீசல் திருடன் என்ற பெயர் நின்றது. அவர் மகள் சாந்தம்மாளைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பமும் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் திரும்பிப் போயின. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அந்தப் பெண் தலையில் விடிந்தது.

எண்பதில் பங்க் மூடிவிட்டார்கள். பம்பைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், தொட்டியை யார் தோண்டுவது என்று மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். எண்பத்திரண்டு ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கிணறு நாற ஆரம்பித்தது. தண்ணீரின் மேல் மினுமினுவென்று ஒரு படலம். கேழ்வரகுக் கூழை வாயில் வைக்க முடியவில்லை. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், மாமா ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

"இன்னா மாமா சிரிக்கிறீங்க?"

"இது என் டீசல்டா, வேடியப்பா! நான் எடுக்கல, பூமி குடிச்சிருக்குது. இப்ப அதுவே கக்குது பாரு."

மறுவாரம் கடப்பாரையோடு கிளம்பினார். தொட்டியிலிருந்து கிணறு வரை, சரிவில் ஐந்து குழிகள், ஒவ்வொன்றும் இடுப்பளவு. குழிக்குழியாக இறங்கி அடிமண்ணை எடுத்து மோந்தார். தொட்டிப் பக்கத்து மண் கூழ்ச்சட்டியின் அடிப்புறம் போலக் கறுத்திருந்தது. கிணற்றை ஒட்டிய குழியில் கறுப்பு இல்லை, நாற்றம் மட்டும். ஐந்து மண்ணையும் மந்தாரை இலையில் பொட்டலம் கட்டி, எது எந்தக் குழி என்று தெரிய நூலில் ஒன்று முதல் ஐந்து வரை முடிச்சுப் போட்டு, வேலூரில் தண்ணீர் சோதிக்கும் சர்க்கார் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்.

"மண்ணு எங்க வேலை இல்லப்பா. நாங்க பாக்கறது தண்ணி. கெணத்துல எண்ணெ இருந்தா எழுதிக் குடுப்போம்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பொட்டலங்களை மறுபடி சுமந்துகொண்டு மலை ஏறினார். இப்படி ஆறு தடவை அலைந்த பிறகு, எண்பத்து நாலு தை மாதத்தில், ஆபீசர் வந்து கிணற்றைப் பார்க்க ஒரு தேதி கொடுத்தார்கள்.

"ஆபீசர் ஒரு வரி எழுதிட்டா போதும்டா. கவுண்டர் முன்னால படிக்கச் சொல்லுவேன். அப்புறம் என் பொண்ண எவன் வாணான்னு சொல்லுவான்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர முதல் நாளே ஜமுனாமரத்தூர் போனார்.

இங்கேதான் எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். எங்கள் ஊருக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் பேச்சே எடுக்க மாட்டார்கள். அதனால் வெளியாள் வருகிறார் என்றால் கிணற்றை இறைத்துத் தூர்வாரிவிடுவோம். கிணற்றைப் பார்க்கவே ஒரு ஆபீசர் வருகிறார் என்றால் கேட்க வேண்டுமா? ஆள் கூட்டியது வேறு யாரும் இல்லை, மாமாவின் மனைவி மங்கம்மாள்.

"எங்கூட்டு ஆளு ஆபீசர இட்டுனு வர்றாரு. நாத்தத் தண்ணிய காட்டி அவரு மானத்த வாங்காதீங்க. வாங்க, எறைச்சு வுடுங்க."

பன்னிரண்டு பேர் இறைத்தார்கள். உள்ளே இறங்கியவன் நான் மட்டும்தான். மேட்டுப் பக்கச் சுவரில், கல் இடுக்கில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. நாற்றம் கண்ணை எரித்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, களிமண்ணும் சுண்ணாம்பும் பிசைந்து இடுக்கில் திணித்து அடைத்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் கயிற்றில் கட்டிய பாட்டிலை விட்டு மொண்டார், மோந்தார். "கெணத்த நல்லா வெச்சிருக்கீங்களே!" என்றார். மங்கம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மாமா ஈரக் கல்லையும் புதுச் சுண்ணாம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி, இது கழுவின தண்ணி. பத்து நாள் பொறுத்து வந்து எடுங்க."

"இன்னும் நாலு ஊரு பாக்கணும்பா. இங்கியே ஒக்காந்துனு இருக்க முடியுமா?"

ஜீப் போய்விட்டது. அன்று சாயங்காலம் மாமாவிடம் போய் நான் கண்டதையும் அடைத்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணால பாத்த இல்ல? காகிதம் எப்படி வந்தாலும் வரட்டும். நீ சொன்னா போதும்டா."

காகிதம் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் என் சுண்ணாம்பு பெயர்ந்து கிணறு பழையபடி நாறியது. பெண்கள் ஒரு மைல் நடந்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். வேறு கிணறு கேட்டு மனுப் போட்டதற்கு, இருக்கிற தண்ணீரே குடிக்க உகந்தது, எண்ணெய் இல்லை என்று பதில் வந்தது. கவுண்டர் கூட்டத்தில் அதைப் படிக்கச் சொன்னார்.

"எண்ணெ இல்லன்னு சர்க்காரே எழுதியாச்சு. அப்ப அந்த டீசல் எங்க போச்சு, ராஜாக்கண்ணு?"

அன்று காலையில் கவுண்டர் வீட்டுக்கே ஓடைத் தண்ணீர்தான். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் மாமாவைத் திருடன் என்று தீர்ப்பு சொன்னவர் அவர். மாற்றிச் சொன்னால் அவருக்கல்லவா கேவலம்? முத்திரை குத்திய காகிதத்துக்கு முன் மூக்கு எம்மாத்திரம்!

மாமா எழுந்து என்னைக் காட்டினார். "வேடியப்பன் பாத்தான். சொல்லுடா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தினமும் குடம் சுமந்து தோள் காய்த்த பெண்களும் திரும்பினார்கள். இவன் அடைத்ததால்தான் நமக்கு வேறு கிணறு கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், அந்தப் பெயர் எனக்குச் சாகும்வரை. ஒரு பெயர் மனிதனை என்ன பாடு படுத்தும் என்று நான் ஏழு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

"சேறுதான் இருந்துச்சு" என்றேன். "வேற ஒண்ணும் பாக்கல."

மாமா திட்டவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். நாலு வருஷம் கழித்து அவர் செத்தபோது, அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சாவு சொல்லப் போனவன் டீசல் ராஜாக்கண்ணு என்று சொல்லித்தான் அடையாளம் காட்டினான். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.