வலிக்காத கை

குழந்தைகள் கிளினிக்கில் பதினாறு வருடமாக நர்ஸ் அவள். தொண்டை வலி என்று வரும் பிள்ளைகளின் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு, அதைச் சோதனை அட்டையில் பார்ப்பது அவள் வேலை. இரண்டு கோடு வந்தால் பாக்டீரியா, மருந்து கொடுக்க வேண்டும். ஒரு கோடு என்றால் வைரஸ், தானாகப் போய்விடும்.

குச்சியால் தொண்டையின் இரு பக்கச் சதையையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிள்ளை ஓங்கரிக்கும், கையைக் கடிக்கும். அவளுக்கு மனசு கேட்காது. கன்னத்தின் உட்புறம் ஒரு தடவு தடவி எடுத்துவிடுவாள். அங்கே கிருமி சிக்காது, எப்போதும் ஒரு கோடுதான் வரும். 'பஞ்சுக்கை சிஸ்டர்' என்று பெயர் வாங்கியது இப்படித்தான். வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு வைரஸ்தான் என்பதால் குட்டு உடையவில்லை. இரக்கமாம் இரக்கம். சோம்பேறித்தனம்கூட இதற்குத் தேவலாம்.

ஒரு நாள் அவளுடைய தங்கை, தொண்டை வலியோடு காய்ச்சலடித்த ஏழு வயது மகளைக் கூட்டி வந்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூக்கு ஒழுகல, இருமலும் இல்ல. பாக்டீரியாவோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நல்லா அழுத்தி எடுங்க சிஸ்டர்."

"வலிக்குமா பெரியம்மா?" என்றது குழந்தை.

"என் கை என்னைக்குடா வலிச்சிருக்கு?"

அன்றும் கன்னத்தில்தான் தடவினாள். ஒரு கோடு வந்தது. வைரஸ் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சலும் விட்டது.

மூன்றாம் வாரம் குழந்தையின் முட்டி வீங்கியது. அது வடிவதற்குள் மற்ற முட்டி. பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொண்டையில் இருந்தது பாக்டீரியா, அதன் விளைவாக இதய வால்வு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். தங்கை நம்பாமல் கேட்டாள்.

"டெஸ்ட்ல வைரஸ்னுதானே வந்துச்சு?"

"அந்த டெஸ்ட் சில நேரம் தப்பும்மா. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். அதற்குள் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்க இருக்கறதாலதான்க்கா தைரியமா இருக்கேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அழுத்தித்தான் எடுக்கிறாள். பிள்ளைகள் வீல் வீல் என்று கத்துகின்றன. பஞ்சுக்கை போய் ராட்சசி என்று பெயர் வந்துவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில் பெனிசிலின் ஊசி, குறைந்தது இருபது வயது தாண்டும் வரை. கெட்டியான மருந்து, பெரியவர்களே பல்லைக் கடிப்பார்கள். நேற்று வேறொரு நர்ஸ் ஊசியோடு வந்ததும் குழந்தை அந்த நர்ஸின் கையைத் தட்டிவிட்டது.

"பெரியம்மா போடட்டும். அவங்க கைதான் வலிக்காது."

அவள் ஊசியை வாங்கிக்கொண்டாள்.