பதினோராவது நாகமரம்

"மரத்துக்குத் தண்ணி ஊத்துறவன் மகளுக்கு அந்தக் காலேஜ்ல என்ன வேலை?" என்று மாமா ஒருமுறை கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து அந்தக் காலேஜுக்குள் போனவர்கள் அதுவரை மண்வெட்டியோடோ துடைப்பத்தோடோதான் போயிருந்தார்கள்.

கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானை மலையடிவாரத்தில் இருக்கும் சின்னக் கலைக் கல்லூரி அது. மொழி, வரலாறு, தத்துவம், சங்கீதம் என்று படிக்க வரும் எல்லாரையும் சேர்த்தாலும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். படித்து முடிக்கும் ஒவ்வொரு வருடத்து மாணவர் அணியும் வாசல் பாதையில் ஒரு நாகமரக் கன்றை நட்டு, பெயர்த் தகடு கட்டிவிட்டுப் போகும். அந்தக் கன்றுகளுக்கு அப்பா பொறுப்பு. அவருடைய வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்காம் வகுப்பில் இருந்த நான்தான் தகடுகளை வாசித்துச் சொல்வேன். அதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

பதினோராவது தகட்டில் ஒரே ஒரு பெயர். இறுதிப் பரீட்சைக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோன யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருக்காக அவருடைய அணி நட்ட கன்று அது. முதல் கைப்பிடி மண்ணை அவருடைய அம்மாதான் போட்டார். அடுத்த வருட நிறுவுநர் தினத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் வரும்போது கன்று செழிப்பாக நிற்கவேண்டுமென்று, தேயிலைக்குப் போடும் உரத்தில் இரண்டு கை அள்ளி அப்பா அதன் அடியில் போட்டார். தேயிலையில் பழகிய கை. வெயில் காலம் வேறு. ஒரு கிழமையில் கன்று கருகிவிட்டது.

மேலே காட்டிலிருந்து அதே உயரத்தில் ஒன்றைத் தோண்டிக்கொண்டுவந்து நட்டார். "சரியான தகடுதானா பாரு" என்றார். வாசித்தேன். சரிதான். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதை மட்டும் சொன்னார்.

அந்த அம்மா வந்தார். தகட்டைத் தொட்டார். பிறகு தண்டை மேலிருந்து கீழாக மெல்லத் தடவிக்கொண்டே நின்றார்.

"ரெண்டு கொப்பு இருந்தது" என்றார், யாருக்கும் சொல்லாததுபோல.

பழைய கன்று இடுப்புயரத்தில் இரண்டாகப் பிரிந்திருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கல்லூரி அதிபர், என்ன விஷயம் என்று விசாரித்தார்.

அந்த அம்மா குனிந்து, மண்ணில் கிடந்த வெள்ளை உரமணி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை ஐயா. நல்லா வளருது" என்றார். பிறகு அப்பாவிடம், "உரம் போடாதேங்கோ தம்பி. தண்ணி மட்டும் ஊத்தினால் காணும்."

எவ்வளவு கெட்டித்தனமாக ஏமாற்றிவிட்டோம் என்று லயம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா ஏன் சிரிக்கவில்லை, அன்று ஏன் சோற்றைத் தொடவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது அதே கல்லூரியில் எனக்கு இறுதி வருடம். கல்லூரி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. மரங்களைப் பற்றிய பகுதியை நான் கேட்டு வாங்கினேன். நடந்ததை நடந்தபடியே எழுதி, கொடுப்பதற்கு முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு கொப்புன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா."

இன்று காலை கண்டித் தபால் கந்தோருக்குப் போய், எழுதியதில் ஒரு பிரதியை யாழ்ப்பாணத்துக்கு, அந்த அம்மாவுக்கு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.