அருள் என்று நினைத்த நடுக்கம்

என் வீட்டுக்காரருக்கு வந்த நோயின் அறிகுறியை நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாயங்காலப் பூசை நடந்துகொண்டிருந்தபோது அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வாயோரம் எச்சில் வடிந்தது, வேர்வை ஊற்றியது. "அருள் வந்திருக்கு" என்று யாரோ சொன்னதும் உறுமி வேகம் எடுத்தது. ஒரு அம்மா அவர் காலில் விழுந்து, மகள் கல்யாணம் எப்போது கூடும் என்று குறி கேட்டார்.

சேகருக்கு இத்தனை வருஷத்தில் அருள் வந்ததே இல்லை. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கற்பூரம் காட்டும்போதுகூட டயரில் காற்று இருக்கிறதா என்று யோசிக்கிற மனுஷர். கோயிலுக்குக் கிளம்பும்போதே, "உமா, லைட்டு ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?" என்று கேட்டார். விரதக் களைப்பு என்று நினைத்தேன். இப்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்ததும், "சாமி இல்லீங்க, என்னமோ ஆயிருச்சு, தூக்குங்க" என்று கத்தினேன். அருள் வந்தவரைத் தொடக்கூடாது என்று தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கருமணி) ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தோலுக்கு அடியில் சதை தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் தமிழ்ப் பெண். நிமிர்ந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி, "மருந்து குடிச்சாரா?"

நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. "இல்லை" என்றேன். "வீட்டுல சண்டை ஏதும்?" என்றார். "எந்த வீட்டுல இல்ல டாக்டர்?" என்றேன். அப்படிப் பேசியிருக்கக்கூடாது. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர் என் நாத்தனார் பத்மா. சேகருக்கு மூத்த அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி என்றால் அவருக்கு உயிர். என்னை அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

ரத்தச் சோதனையில் கோலினெஸ்டெரேஸ் (நரம்பு இட்ட கட்டளை முடிந்ததும் அதை அணைத்துவிடும் பொருள்) மிகவும் குறைந்திருந்தது. ஆர்கனோபாஸ்பேட் (பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் விஷ வகை) உடம்பில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். நரம்பு கட்டளை இட்டுக்கொண்டே இருக்கும், சதை ஓயாது, கடைசியில் மூச்சு விடுகிற சதையும் களைத்துப்போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். உள்ளே எப்படிப் போனது என்று மட்டும் தெரியவில்லை என்றார்.

அது தெரியாததுதான் ஊருக்கு வசதியாகப் போனது. கடன் தொல்லை, மருந்து குடித்துவிட்டார் என்று ஒரு வாட்சாப் குழுவில் வந்தது. படத்தில் வருகிற மாதிரி நரம்பு விஷம், ஆள் வைத்துத் தடவிவிட்டார்கள் என்று இன்னொன்று. லோரி ஓட்டுகிறவரை யார் அப்படிக் கொல்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்வினை என்றார்கள். கடைசியில் எல்லாப் பேச்சும் என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. காப்புக் கட்டியவர் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என் கைச்சோறு மட்டும்தான். அவர் விழுந்தார், நான் நன்றாக இருக்கிறேன். வேறு யார்?

போதாததற்கு, விழுந்த அன்று அவர் மேல் பூண்டு வாடை அடித்ததாக அண்ணி சொன்னார். விரதத்துக்கு நான் பூண்டு, வெங்காயம் தொட்டே சமைக்கவில்லை. "பூண்டு போட்டுக் குடுத்து விரதத்தக் கெடுத்தவ, வேற எதையும் போட்டிருக்கமாட்டாளா?" என்று வராந்தாவில் சொந்தக்காரர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

அசாம் ஜாவா சாலையோரத்தில் எனக்கு ஒரு காலைக் கடை உண்டு, தோசையும் நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு). ஒரு நாள் திறந்து பார்த்தேன். நாளும் வருகிற லோரிக்காரர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். கட்டிய பொட்டலங்களைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தேன். போலீஸ் வந்து குழம்புச் சட்டி, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனது. அதிகாரி மரியாதையான மனுஷர். "முடிவு வரும்வரை ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகாதீங்க" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

செயற்கைச் சுவாசத்தை எடுத்த அன்று அவர் பேசினார். அந்தப் பேச்சுக்காக நான் எத்தனை தெய்வத்தை வேண்டியிருப்பேன். கண் எங்கோ பார்த்தது, விரல் காற்றில் எதையோ பிடுங்கியது. "அவதான் குடுத்தா. குடிச்சேன். அவதான்" என்றார். அண்ணியோடு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துவிட்டார். நான் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் அது என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். அவருக்கு ஏற்றுவது அட்ரோபின் (எச்சிலையும் சளியையும் வற்ற வைத்து விஷத்தை அடக்கும் ஊசி மருந்து) என்றும், அது அதிகமாகும்போது புத்தி கலங்கி இல்லாததெல்லாம் தெரியும் என்றும் சொன்னார். "நேத்து என்னைப் பார்த்து, லோரிக்கு பிரேக் இல்லன்னு சொன்னார்மா. அதையும் நம்பலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது இந்த நிலை வந்தால், அந்தக் கலக்கத்தில் வரும் பேச்சை நெஞ்சில் வாங்கிக்கொள்ளாதீர்கள். சொல்வது சுலபம். நான் வாங்கிக்கொண்டேன். மருந்து பேசியதா, அவர் மனசில் கிடந்தது பேசியதா என்று அரித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் தேறியதும் பொது வார்டுக்கு மாற்றினார்கள். நான் வீட்டில் இருந்தேன், அண்ணி கூட இருந்தார். அங்கேதான் மறுபடி வேர்வை, மறுபடி எச்சில், மறுபடி மூச்சுத் திணறல். கூப்பிட்டுச் சொன்னதும் ஓடினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு: இந்தத் தடவை நான் பக்கத்தில்கூட இல்லை, இதற்கும் என்னைத்தான் சொல்வார்களா? புருஷன் உயிருக்குப் போராடும்போது இப்படித் தன்னைப் பற்றி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நினைத்தேன்.

வார்டு வாசலில் அண்ணி அழுதுகொண்டிருந்தார். டாக்டர் ஏதோ கேட்க வந்தவர், அவர் முகத்தையே பார்த்தார். டார்ச்சை எடுத்து அண்ணியின் கண்ணில் அடித்தார். ஒரு கண்ணின் பாப்பா சாதாரணமாக இருந்தது. இன்னொன்று ஊசிமுனை.

பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் இனித்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், ஊர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அண்ணி நடுங்கிய நடுக்கத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணி, எதத் தொட்டீங்க? எதால கண்ணத் தொடச்சீங்க?" என்று கேட்டேன்.

"வேட்டி" என்றார். என் வீட்டுக்காரர் விழுந்த அன்று கட்டியிருந்த மஞ்சள் வேட்டி. ஆஸ்பத்திரியில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்ததை, சாமித் துணி குப்பையில் விழக்கூடாது என்று அண்ணி தன் வீட்டில் வைத்திருக்கிறார். அம்மன் காவல் இருக்கட்டும் என்று அன்று காலையில் கொண்டுவந்து, போர்வைக்கு அடியில் தம்பி நெஞ்சில் போர்த்தியிருக்கிறார். அழுதபோது அதன் முனையாலேயே கண்ணைத் துடைத்திருக்கிறார். தாதி போர்வையை விலக்கினார். பூண்டு வாடை அடித்தது.

நாங்கள் எல்லோரும் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். விஷம் தோல் வழியாகப் போயிருந்தது.

காப்புக் கட்டியவர் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைப்பதில்லை, தெரியும்தானே. வீட்டு வாளியில் மீன் கழுவியிருப்போம், தீட்டுத் துணி ஊறியிருக்கும். அதனால் அவர் சுங்கை பஞ்சாங் பக்கம் போனபோது, வயல்காரர் ஒருவரிடம் காலியாகக் கிடந்த வெள்ளைத் தோம்பு (பிளாஸ்டிக் பீப்பாய்) ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். கவிச்சி படாத ஏனம் என்று அவருக்குத் திருப்தி. இரண்டு தடவை அலசி, மஞ்சள் கரைத்து, வேட்டியை ஊறவைத்து, தானே பிழிந்து காயப்போட்டார். விரதம் முடியும்வரை என்னை அந்தத் தோம்பைத் தொடவிடவில்லை. போலீஸ் எடுத்துப்போய்ச் சோதித்தபோது, அதில் நெற்பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருந்தது தெரிந்தது. பூண்டு வாடை அந்த மருந்தின் வாடை. சுத்தம் பார்த்து, தேடிப் பிடித்து, விஷத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், கட்டியிருந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். துணியை இறுக்கிக் கட்டிய பையில் டாக்டரிடமே கொடுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். சாமித் துணியாக இருந்தாலும்தான்.

அண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்கு என்ன தெரியும்லா, நீயே சொல்லு" என்றார். அது உண்மைதான், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாக இருந்தார்? கேட்கவில்லை. தோம்பைப் பற்றிய செய்தியை நானே குழுக்களில் போட்டேன். நாலைந்து பேர் கும்பிடுகிற கையை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவர் பேசியதை எடுத்த படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் வீட்டுக்கு வந்தார். லோரி ஓட்ட முடியாது, விரல் மரத்திருக்கிறது, கால் பின்னுகிறது. விஷம் இறங்கிய பிறகும் சிலருக்கு நரம்பு இப்படிப் படுத்தும், மெல்லத்தான் தேறும் என்றார் டாக்டர். நான் அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுபோவேன். கொடுப்பதற்கு முன்னால், அவர் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பேன். சோறும் அப்படித்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது.

ஒரு காலையில், "என்னத்துக்கு உமா இது?" என்றார்.

மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னீங்களே. உங்களுக்கு உண்மையிலேயே தோணுச்சா?"

மருந்து மயக்கம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதுதானே, நானும் தலையாட்டியிருப்பேன். அவர் தரையைப் பார்த்தார். "அதச் சொன்னது ஞாபகம் இல்ல" என்றார். "ஆனா வார்டுக்கு மாத்துன பெறகு, புத்தி தெளிஞ்சிதான் இருந்துச்சு. அக்கா பக்கத்துல ஒக்காந்து சொல்லிட்டே இருந்துச்சு. அப்பத் தோணுச்சு."

நான் தம்ளரைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை நாள் ஊர் பேசியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. வழக்கம்போல ஒரு வாய் குடிக்கத் தம்ளரைத் தூக்கினேன். அவர் எட்டி அதைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் பிடித்தும் ஆடியது. பாதி சட்டையில் கொட்டியது, சூடு பட்டும் விடவில்லை. மிச்சத்தை என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இனிமே எனக்கு முன்னாடி நீ குடிக்காத" என்றார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் முன்னால் நான் குடிப்பதில்லை. அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். என் நாக்குக்கு இனிப்பும் காரமும் பிறகுதான் தெரிகின்றன, முதலில் தேடுவது வேறொன்று. கடைக்கு மாவு கரைக்க எழுந்துவிடுகிறேன், ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். ஆனால் அவர் தம்ளரைக் காலியாக்கிக் கீழே வைத்து, "சீனி கம்மி" என்று சொல்லும்வரை எனக்குப் பொழுது விடிவதில்லை.