குறையில்லாத ஆறு வரி

நொட்டையாருக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதற்காக எனக்கு வருத்தமே கிடையாது. பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பார். மாலையில் நாற்காலியில் குவிந்த சலவைத் துணிகளைக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டு, ஊரைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை அவர் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் செய்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பலாம். புல் ரெக்வஸ்ட் என்பார்கள். அனுப்பலாம், அவ்வளவுதான், அவர் சேர்த்துக்கொள்வது குதிரைக்கொம்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். என் நாலு வரித் திருத்தத்துக்குப் பதினேழு குறிப்புகள் எழுதினார். கடைசிக் குறிப்பில், முந்தைய குறிப்பின்படி ஏன் மாற்றினேன் என்று கேட்டிருந்தார்!

இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது, தான் எழுதியதையும்கூட, என்று விதி வேறு. ஒப்புதல் தரும் உரிமை இருந்த ஐந்து பேரும் மெல்லக் கழன்றுகொண்டோம்; உரிமை மட்டும் எங்கள் பெயரில் அப்படியே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய அக்கா அவருக்குப் போன் செய்தார். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவர்.

"டேய், ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா டாக்டரம்மா வேற வாங்கிடுவாங்க."

அந்த மென்பொருளைப் பயன்படுத்திய ஒரே இடம் அதுதான். வீட்டில் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அதனால்தான்.

ஞாயிறு மதியம் என்னை அழைத்தார். "தம்பி, ஒரே ஒரு ஒப்புதல்."

அவர் எழுதிய திருத்தத்தைப் படித்தேன். ஆறே வரி, அப்பழுக்கில்லை. பழைய கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தேன். அடுத்த நிமிடம் அதை ரத்து செய்துவிட்டு மறுபடி அழைத்தார்.

"ஒரு குறிப்புகூட எழுதலையே?"

"குறையே இல்லைங்க சார்."

"குறை இல்லாம எப்படி இருக்கும்? நல்லாப் பாருங்க."

"சார், நாளைக்குத் திங்கக்கிழமை!"

"அதுக்காக? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

போனை வைத்துவிட்டேன். அதற்குமேல் பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

திங்கள் மாலை அவரே அக்காவை அழைத்து, இன்னும் இரண்டு நாள் கேட்டிருக்கிறார். அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"காலையிலயே வேற போட்டாச்சுடா. நல்லாத்தான் ஓடுது. நீ இனிமே சிரமப்படாதே."