பொன்னாடை போர்த்திய பின்

அவர் மருத்துவக் காளான்களை ஆராய்பவர். மெலிந்த உடல், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரிக்கு உரையாற்ற வந்தபோது, ஒவ்வொரு பலனையும் "எலிகளில்" என்று தொடங்கியே சொன்னார். மனிதர்களிடம் இன்னும் நிறுவப்படவில்லை என்றும் மறவாமல் சேர்த்தார். பட்டிமன்ற மேடைகளில் சொல்லின் எடையறிந்த நான், அந்த நேர்மைக்கு மனத்துக்குள் தலைவணங்கினேன்.

ஆகவேதான் அவரை அருகிலுள்ள புதுமடம் ஊருக்கு அழைத்துச் சென்றேன். காளான் பொடி வணிகர் ஒருவர் அங்கே விளம்பரக் கூட்டம் நடத்தினார். அந்தப் பொடியை நம்பி என் சின்னம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். மேடையேறி உண்மையைச் சொல்லுங்கள் என்று வேண்டினேன். தலையசைத்தார்.

வணிகர் முந்திக்கொண்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்து மைக்கைப் பிடித்த ஆய்வாளர், "காளான் சர்க்கரையைக் குறைக்கும்" என்றார். "எலிகளில்" என்ற சொல் வரவே இல்லை.

இறங்கியதும் கேட்டேன்: "என்ன ஐயா இது?"

"பொன்னாடை போட்டவரை அவரு மேடையிலேயே எப்படித் தம்பி மறுக்கிறது? கட்டுரையில சரியாத்தானே எழுதியிருக்கேன்."

பின்னர் அக்கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் ஒரு பொய்கூட இல்லை. அவரை என்னவென்று அழைப்பது என இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும், கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்டிருந்த சின்னம்மா மிச்ச மாத்திரைகளை என் கையில் திணித்தார்.

"ஏலே, நீ கூட்டியாந்த பெரிய மனுசரே சொல்லிட்டாருல்ல? இத ஆசுபத்திரியில குடுத்துரு. இல்லாதவுகளுக்கு ஆகும்."