காற்றடித்து வைத்த சைக்கிள்

என் வீட்டுக்காரருடைய சைக்கிளைக் கேட்டு இந்த இரண்டு வருஷத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரையும் வாசலோடு அனுப்பிவிட்டேன். "சும்மாத்தானே நிக்கிது, யாருக்காவது குடுத்தா புண்ணியமாப் போகும்" என்று சொன்ன என் நாத்தனாரிடம், "ஒங்க அண்ணன் படுத்துத்தான் இருக்காரு, மவுத்தாயிடல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். பெருநாளுக்குக்கூட அவள் வரவில்லை. என் வாய் அப்படி.

கறுப்பு நிறம், உயரமான வண்டி. முழு செயின் கவர், டைனமோ விளக்கு எல்லாம் உண்டு. சவூதிக்குப் போவதற்கு முன்பு, காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றபோது அவர் வாங்கியது. எனக்கும் முந்தி அந்த வீட்டுக்கு வந்தது என்பதால் 'மூத்த பொண்டாட்டி' என்று அதைக் கேலி செய்வேன். மற்றவர்கள் லீவில் வந்தால் காரும் புல்லட்டுமாகத் தெருவைக் கலக்குவார்கள். இவர் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவார். வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கு" என்பார். அப்போ என்னைப் பார்த்தது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குக் கோபம் வரும்.

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களை எங்கள் தெருவில் சபுராளி என்போம். சபுராளி வீட்டில் அவருடைய சாமான்களைத் தூசி படிய விடமாட்டோம். கட்டிலில் அவர் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றுவோம். கைலியைத் துவைத்து மடித்து வைப்போம். நான் அதோடு சைக்கிளையும் பார்த்துக்கொண்டேன். லீவு நிச்சயமானதும் கடைக்கு அனுப்பி ட்யூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு, நடையில் நிறுத்திவிடுவேன். அவர் வந்து ஏறி மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. காத்திருப்பது என்றால் எங்களுக்கு அதுதான். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

கடைசியில் ஒரேயடியாக கேன்சலில் வந்தார். இனி விசாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஒரு நோன்பு காலம் முழுக்கச் சைக்கிளில் சுற்றினார். கோட்டுச்சேரிவரைக்கும் போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிவந்து, வாங்கத் தெரியவில்லை என்று என்னிடம் பேச்சு வாங்கினார். அதற்கப்புறம் ஒரு காலையில் தொழுகைக்கு ஒளு செய்ய உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதிதான் திரும்பியது.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆள் போயிருக்கிறார், திரும்பி வருவார், அதுவரைக்கும் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும். நோயையும் ஒரு விசா மாதிரி நினைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முன்னால் சைக்கிளைத் துடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, அவருடைய கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி நடையில் நிறுத்துவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு ஆசை இவருக்கு, எழுப்பி விட்டுடு ஆண்டவனே என்று நான் துஆ செய்வேன். கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சாயங்காலம் ஒருவர் வருவார். அவரிடமும் சைக்கிளைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். இவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டும்போதெல்லாம், "சைக்கிள் மிதிக்கிற மாதிரி நெனச்சுக்குங்க பாய்" என்பார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் ஒருநாள் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்து வந்தார். "சைக்கிள் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "அத ஏன் கேக்குறீங்கம்மா, உப்புக்காத்து தின்னுடுச்சு. நடுரோட்டுல ரெண்டா ஒடிஞ்சிட்டுது" என்றார். நான் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து இவருடைய குரல் வந்தது.

"நம்ம வண்டிய... அவருக்குக் குடு."

எனக்குக் காது கேட்காத மாதிரி மீனுக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "மீன் கூடை வைக்கிற வண்டியா அது? நாளைக்கு எழுந்திரிச்சு எதுல போவீங்க?" என்றேன். மறுநாளும் இவர் "அவருக்குக் குடு" என்றே சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். சவூதியிலிருந்து மகன் பேசியபோது அவனிடம் முறையிட்டேன். "குடுத்துடுங்க உம்மா, வாப்பா பாவம்" என்றான். யாருக்குப் பாவம் பார்க்கிறான் இவன் என்று போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் மீன்காரரை நான்தான் கூப்பிட்டேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். சைக்கிள் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. "நீங்க எழுந்து நடக்கிறவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் பாய். நடந்ததும் நானே கொண்டாந்து விட்டுடுறேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ஆமா தம்பி, அப்படியே செய்ங்க" என்று அவசரமாகச் சொன்னேன். அந்த மனுஷன் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

இவர் மறுத்துத் தலையை ஆட்டினார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டுவந்தார்.

"வேணாம். கேரியர... அறுத்துட்டு... பெருசாப் போட்டுக்க. ஐஸ்பெட்டி... வெக்கணும்ல."

மீன்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு முந்தியே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் திரும்பி வந்து ஏறப்போகிற வண்டியை யாரும் அறுக்கமாட்டார்கள். நான் இவரைப் பார்த்தேன். "ஒனக்குந்தான் சொல்றேன்" என்றார். அதை மட்டும் இழுக்காமல் தெளிவாகச் சொன்னார்.

சைக்கிள் போய்விட்டது. நான் தெருமுனைவரைக்கும்கூடப் பார்க்கவில்லை. மதியம் சோறு போட்டபோது இன்னும் கொஞ்சம் என்று கேட்டார். விழுந்ததிலிருந்து அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. நான்தான் பிசைந்து வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். அன்று மீன் குழம்பு நல்லாருக்கு என்று வேறு சொன்னார். சாப்பிட்டதும் நிம்மதியாகக் குறட்டைவிட்டுத் தூங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அவர் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆசை என்று நினைத்தேனே, எழுந்திரு, எழுந்திரு என்று அது எதிரே நின்று விரட்டியதில் அவர் கண்ணை மூட முடியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் பயிற்சிக்காரர் வந்தார். இவர் அவருடைய சத்தம் கேட்டதும் நல்ல கையால் போர்வையை இழுத்து விழுந்த கையை மூடிக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அதட்டிப் போர்வையை உருவியிருப்பேன். அன்று வாசலுக்குப் போய், "நாளைலேந்து வர வேணாம் தம்பி" என்றேன்.

"ஏம்மா, வேற யாரையாவது பாத்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. அவரு இவ்வளவுதான்."

அதைச் சொன்ன குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வருவார் என்று காத்திருந்துதான் எனக்குப் பழக்கம். வேறு எதற்கும் நான் பழகவே இல்லை. இப்போது உள்ளே படுத்திருப்பவர் வந்துவிட்டவர். இனி எதிர்பார்க்க எனக்கு ஆள் இல்லை.