வரியின் இடது பாதி

அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாடப்புத்தகங்கள் அச்சடிக்கும் அந்த இடத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்த்தவர். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் காலை, அவர் பார்த்து அனுப்பிய தாளை மிஷின் ஃபோர்மேன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது பாதி முழுக்கச் சிவப்பு மையில் திருத்தங்கள். இடது பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. தப்புகள் மட்டும் அங்கேயும் இருந்தன. நேராக அக்காவின் மேஜைக்குப் போனார்.

"அக்கா, இந்தப் பக்கம் பார்க்கலையா?"

"எந்தப் பக்கம்?"

அவருடைய இடது கை யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. ஃபோர்மேன் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

மூளையின் வலது பக்கம் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. பத்து நாளில் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடிந்தது. கண் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் உலகத்தின் இடது பாதி அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தட்டில் வலப்பக்கம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த 'மருத்துவமனை' பலகையை 'மனை' என்று படித்தார். "யாரு மனைங்க இது? எப்பப் பார்த்தாலும் ஜனமா இருக்கு?"

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். தினமும் வேலை முடிந்ததும் வந்து கட்டிலுக்கு இடப்பக்கம் இருந்த ஸ்டூலில் உட்காருவார். மூன்றாம் நாள், அக்கா தங்கையோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்தது.

"உங்க அத்தான் எட்டிக்கூடப் பார்க்கலைடி. அவருக்கு லிஃப்ட்டுதான் பொண்டாட்டி."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார் அவர். எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றார்.

"இப்பதான் வர்றீங்களா?"

"ஆமா, இப்பதான்," என்றார்.

மறுநாள் ஸ்டூலை வலப்பக்கம் நகர்த்தப் போனவரை நர்ஸ் தடுத்தார். "அங்கேயே இருங்க சார். அந்தப் பக்கம் யாராவது இருந்தாத்தான் அவங்க தேட ஆரம்பிப்பாங்க." அவர் ஸ்டூலை விட்டுவிட்டார்.

இசைச் சிகிச்சைக்கு அனுப்பியபோது அக்கா மறுத்தார். "எனக்கும் பாட்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. பள்ளிக்கூடத்துலயே வாயை மட்டும் அசைச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க."

"பாட வேண்டாம் அக்கா, தட்டுங்க போதும்," என்றார் சிகிச்சைக்காரப் பெண். தட்டினால் ஆளுக்கொரு சுரம் ஒலிக்கும் எட்டு உலோகக் கட்டைகளை மேஜையில் வரிசையாக அடுக்கியிருந்தார். கீழ் ச வலது ஓரத்தில். அங்கிருந்து சுரம் ஏற ஏறக் கை இடப்பக்கம் போகவேண்டும். மேல் ச இடது கோடியில்.

முதல் நாள் அக்கா ம வரை தட்டிவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். "முடிஞ்சிடுச்சு." இரண்டு நாள் கழித்துப் ப. அதற்கப்புறம் த. கணவர் லீவு போட்டுவிட்டு அவருக்கு இடப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் நி வரை வந்தார். குச்சி அந்தரத்தில் நின்றது. முகத்தில் ஒரு எரிச்சல். நி, நி என்று மறுபடியும் தட்டினார்.

"ஒண்ணு கொண்டுவர மறந்துட்டியாம்மா? முற்றுப்புள்ளி வைக்காம விட்ட மாதிரி இருக்கு."

"எட்டும் இங்கதான் இருக்கு அக்கா. தேடுங்க."

இருபத்தாறு வருடம் ஒரு வாக்கியத்தையும் அரைகுறையாக விடாத மனுஷி. கை மேஜையைத் தடவிக்கொண்டே இடப்பக்கம் ஊர்ந்தது. தலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே திரும்பியது. குச்சி மேல் ச-வில் பட்டது. அவர் மூச்சு விட்டார். அப்புறம், கட்டைக்கு அந்தப் பக்கம், கிரீஸ் கறை போகாத ஒரு கை தெரிந்தது.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் இங்கதான் உட்கார்ந்திருந்தீங்களா?"

அவர் தலையாட்டினார். சிகிச்சைக்காரப் பெண் ஏதோ எடுக்கப்போவதுபோல வெளியே போய்விட்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் திரும்பவும் த-வோடு நின்றார். சிகிச்சைக்காரப் பெண் கட்டைகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டக்கூட்ட, அவர் தேடும் தூரமும் கூடியது. வீட்டுக்கு வந்த பிறகும் கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொண்டது. படிக்கும் தாளின் இடது ஓரத்தில் கணவர் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் அக்கா மெதுவாகச் சுரம் முணுமுணுத்தபடி கோடு வரை போவார், அங்கிருந்து படிக்கத் தொடங்குவார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனது.

எட்டு மாதம் கழித்து அச்சகத்துக்குப் போனார், அரைநாள் வேலையாக. முதலாளி கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "எனக்கு அப்புறம் இன்னொருத்தர் பார்க்கட்டும். இனிமே நான் பார்த்ததே கடைசின்னு இருக்க வேண்டாம்."

அப்படி அவர் பார்த்த முதல் புத்தகம் மூன்றாம் வகுப்பு அறிவியல். ஒரு பிரதியைச் சிகிச்சைக்காரப் பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் ஆசையாகப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் தயங்கினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அக்கா. இங்க ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. 'வேர்கள்'னு இருக்கணும், 'வேர்கள'ன்னு இருக்கு."

அக்கா புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வரியின் வலது கோடியில் இருந்தது அந்தச் சொல். விரல் வைத்து இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"வலது பக்கம்மா இது. சாதாரணத் தப்பு. எல்லாரும் விடுறதுதான்."